சாங்கோலாவுக்கு ஒரு வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீண்ட காலம் எம்.எல்.ஏ.வாக இருந்தவர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். கலைஞர் 1957 முதல் 2016 வரை 13 முறை நின்று ஒருமுறைகூடத் தோற்காததை விரிவாக எழுதியிருந்தீர்கள். சரி, எழுத வேண்டியதுதான். ஆனால் மகாராஷ்டிர எம்.எல்.ஏ.வாக இருந்த கணபத்ராவ் தேஷ்முக்கை மட்டும் '11 முறை வென்றவர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, மும்பையில் இருக்கிற எனக்கு அது மனசு கேட்கவில்லை.

அந்த 11 முறையும் அவர் ஜெயித்தது ஒரே தொகுதியில், சோலாப்பூர் மாவட்டத்து சாங்கோலாவில். கட்சியும் ஒன்றுதான், சேத்கரி காம்கார் பட்சம், அதாவது விவசாயிகள் தொழிலாளர்கள் கட்சி. தனியாக ஆட்சியைப் பிடிக்கவே முடியாத சின்னக் கட்சி அது, 1978லும் 1999லும் கூட்டணி அரசில் மந்திரியானதைத் தவிர அவர் பெரும்பாலும் எதிர்க்கட்சி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார், ஆனாலும் வேறு கட்சிக்குப் போகவில்லை. 2022 முதல் இங்கே மகாராஷ்டிராவில் எம்.எல்.ஏ.க்கள் கூட்டம் கூட்டமாக அணி மாறியதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அப்புறம், அவர் தோற்றும் இருக்கிறார். 1962இல் முதல் வெற்றி, 1972இல் தோல்வி, 1974 இடைத்தேர்தலில் திரும்பி வந்தார். 1995இல் மறுபடி தோற்றபோது வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது, அதோடு வீட்டில் உட்காராமல் 1999இல் மறுபடி நின்று ஜெயித்தார். எனக்கு அந்த 11ஐ விட இந்த இரண்டு தோல்விகள்தான் பெரிதாகப் படுகின்றன.

நான் வாஷி மார்க்கெட்டில் பழ வியாபாரம் செய்கிறேன். சாங்கோலா மாதுளைப் பெட்டிகளோடு வரும் விவசாயிகள் அவரை 'ஆபா' என்றுதான் சொல்வார்கள். மழை மறைவுப் பகுதி, கிணறு வற்றினால் மாதுளைச் செடியைக் காப்பாற்ற டேங்கர் தண்ணீரை விலைக்கு வாங்கி ஊற்றுவார்கள், அந்த ஊருக்குக் கிருஷ்ணா தண்ணீரை ஏற்றிக் கொண்டுவரும் டெம்பு திட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் பெயர் வராமல் இருக்காது. அவர் எஸ்.டி. பஸ்ஸில், அதாவது அரசுப் பேருந்தில் ஏறிச் சட்டமன்றத்துக்குப் போனதையும் பெருமையாகச் சொல்வார்கள்.

2019இல் அவர் நிற்காமல் பேரன் நின்றதும், சில நூறு ஓட்டில் தோற்றதும் உண்மை. குடும்ப அரசியல் என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான், அதையும் சேர்த்தே எழுதுங்கள். 2021 ஜூலையில் அவர் காலமானபோதே தமிழில் விரிவாக ஒரு கட்டுரை வந்திருக்க வேண்டும். இப்போதாவது சாங்கோலாவுக்கு ஒரு நிருபரை அனுப்பி, அங்கே விவசாயிகளிடம் பேசி எழுதுங்கள்.

ஒரு வாசகர்,
சயன் கோலிவாடா, மும்பை