மதுரையில் தலை எண்ணப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாநகராட்சி ஆணையர், மண்டல அலுவலர்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மேற்பார்வையாளர்கள், பிளாக் (ஒருவர் எண்ண வேண்டிய பகுதி) வாங்கியிருக்கும் ஆசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

1991இல் மதுரை மாநகராட்சிக்குள் 9,40,989 பேர். 2001இல் 9,28,869. பத்து வருடத்தில் பன்னிரண்டாயிரம் பேர் குறைந்துபோனார்கள். பஞ்சமும் இல்லை, கொள்ளைநோயும் இல்லை. நகரையும் அதை ஒட்டிய ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால், அதே பத்தாண்டில் 10.86 லட்சம் சுமார் 12 லட்சமாக ஏறியிருக்கிறது. மாசி வீதிகளிலும் வெளி வீதிகளிலும் வீடுகள் கடையாகவும் கிட்டங்கியாகவும் லாட்ஜாகவும் மாற, குடித்தனங்கள் ஆனையூர், விளாங்குடி, அவனியாபுரம், திருநகர் என்று நகர்ந்தன. அவையெல்லாம் அன்று மாநகராட்சி எல்லைக் கோட்டுக்கு வெளியே இருந்தன.

2011இல் கோடு நகர்ந்தது. 72 வார்டு 100 ஆனது, 51.82 சதுர கிலோமீட்டர் 147.99 ஆனது. அந்த வருடக் கணக்கெடுப்பிலேயே பழைய எல்லைக்கு 10,17,865 பேர், புதிய எல்லைக்கு 14,70,755 பேர். எந்த எண் எந்த எல்லைக்கு என்று எழுதாமல் குடிநீர்த் திட்ட அறிக்கை போட்டால், தலைக்கு 135 லிட்டர் என்ற கணக்கில் நாளொன்றுக்கு 6 கோடி லிட்டர் இடிக்கும்.

2027 மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவுதான் இந்த முறைக் குறிப்பு நேரம், அதாவது கணக்கு அந்தக் கணத்து நிலவரத்துக்குத்தான். தலை எண்ணுவது அதற்கு முந்தைய பிப்ரவரியில். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள்தான் என்று 2019-21 குடும்ப நல ஆய்வு சொல்கிறது. ஆக ஊர் பெருகுவது பிறப்பால் குறைவு, வந்து சேர்கிறவர்களாலும் கோடு நகர்வதாலும்தான் அதிகம். எண்ணும்போது முதலில் கைநழுவுகிறவர்களும் இந்த வந்து சேர்கிறவர்களே. அவர்கள் எங்கே தப்புகிறார்கள் என்பதைத்தான் இந்த மடலில் எழுதுகிறோம்.

காம்பவுண்டு வீடுகளில் தொடங்குவோம். தெருவைப் பார்த்து ஒரே கேட், உள்ளே நடை, இரண்டு பக்கமும் வரிசையாகப் போர்ஷன்கள், கடைசியில் பொதுக் குளியலறை. கேட்டுக்கு ஓர் எண் போட்டுவிட்டு வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதினால் வேலை ஐந்து நிமிடத்தில் முடியும். கணக்கும் அதோடு கெடும். தனி வாசல் உள்ள ஒவ்வொரு போர்ஷனும் தனிக் கணக்கெடுப்பு வீடு: கட்டடம் 14 என்றால் 14(1), 14(2) என்று கடைசி வரை எண் போக வேண்டும். ஒரு போர்ஷனுக்குள் அண்ணன் தம்பி இருவருக்கும் தனித்தனி அடுப்பு என்றால் அது இரண்டு குடும்பம். பிரிப்பது அடுப்புதான், ரேஷன் கார்டு அல்ல.

உள்ளே போனதும் மீட்டர் பலகையைப் பாருங்கள். ஒன்பது மீட்டர் ஓடுகிறது, அதில் ஒன்று மோட்டாருக்கு, வீட்டுக்காரர் ஆறு குடும்பம் என்கிறார். மிச்சம் இரண்டு எங்கே என்று அங்கேயே கேளுங்கள். மாடிப்படி தெரிந்தால் ஏறிவிடுங்கள்; மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறையில் மூன்று பையன்கள் இருப்பார்கள். வீட்டுக்காரர் மறைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சொத்துவரிப் பயம். 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி இந்தப் பதிவை யாரும் கேட்டு வாங்கிப் பார்க்க முடியாது, சாட்சியமாகவும் காட்ட முடியாது. இதை மனப்பாடமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேட்டிலும் சொல்லுங்கள். வரி வசூலிக்கும் அதே மாநகராட்சி ஆளையே கணக்கெடுக்க அனுப்பினால் எந்தச் சட்டத்தைச் சொல்லியும் பயனில்லை என்பதை ஆணையர் யோசிக்க வேண்டும்.

பூட்டிய வீட்டைக் காலி வீடு என்று எழுதிவிடாதீர்கள். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டிலும் காய்கறி மார்க்கெட்டிலும் வேலை பார்ப்பவர்கள் நடுச்சாமத்தில் கிளம்பிப் பகலில் தூங்குகிறவர்கள். காலை பத்து மணிக்குத் தட்டினால் கதவு திறக்காது, மாலையில் போங்கள்.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் மேஸ்திரி "பதினஞ்சு பேரு சார், எல்லாருக்கும் இருபத்தஞ்சு வயசு" என்பார். அதை அப்படியே எழுதினால் பிறந்த இடம், கடைசியாக இருந்த ஊர், வந்த காரணம் எல்லாம் பதினைந்து பேருக்கும் ஒரே அச்சாக விழும். இந்தி தெரிந்த ஒருவரோடு இரவு எட்டு மணிக்கு மேல் ஷெட்டுக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. ஹோட்டல் மாடிகளிலும் இதே கதைதான். ஆனையூர் இலங்கைத் தமிழர் முகாமில் குடியுரிமை பற்றித் தயங்க வேண்டியதில்லை. இங்கே வசிக்கிற எல்லோரையும் எண்ணுவதுதான் முறை.

கூடுதலாக விழும் தலைகளும் உண்டு. "பையன் சிங்கப்பூர்ல இருக்கான், அவனையும் போட்டுக்கங்க" என்பார்கள் அம்மாக்கள். எண்ணும் நாட்கள் முழுக்க அவன் ஊரில் இல்லையென்றால் சேர்க்கக் கூடாது. விடுதியில் தங்கிப் படிக்கும் பெண் விடுதிக் கணக்கில்தான் வருவாள். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள் அந்த நாட்கள் முழுக்க இங்கேயே இருந்தால் இங்கே. இதைக் கேட்டு உறுதி செய்யாவிட்டால் புகுந்த வீட்டில் ஒரு தடவை, இங்கே ஒரு தடவை என்று இரண்டு முறை விழுவாள். கைக்குழந்தை மட்டும் இரண்டு பக்கமும் விடுபடும், "இன்னும் பேரு வைக்கலையே" என்பார்கள். பேர் இல்லாவிட்டாலும் அது ஒரு தலைதான். "வீட்ல எத்தனை பேரு" என்பதோடு நிறுத்தாமல் "கைப்பிள்ளை இருக்கா" என்று தனியாகக் கேளுங்கள்.

வயது விஷயத்தில் பெரியவர்கள் ஐம்பது, அறுபது, எழுபது என்று முழு எண்ணில் உட்கார்ந்துவிடுவார்கள். முதியோர் கூடிவரும் ஊரில் இது சின்னப் பிழை அல்ல. ஓய்வூதியத்துக்கும் மருத்துவத்துக்கும் திட்டம் போடும் கணக்கே சாய்ந்துவிடும். நாள்காட்டியைக் கேட்காமல் ஊரைக் கேளுங்கள். 1981 ஜனவரியில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது எத்தனாவது படித்தீர்கள், 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்தபோது கல்யாணம் ஆகியிருந்ததா, 1993 வைகை வெள்ளத்தின்போது மூத்தவனுக்கு என்ன வயது. இரண்டு கேள்வியில் ஒரு வருடம் முன்பின்னாக வயது வந்து நிற்கும்.

வீடற்றவர்களை 2011இல் பிப்ரவரி 28 இரவில் எண்ணினார்கள். 2027இல் அந்தத் தேதி ஞாயிற்றுக்கிழமை. கீழமாசி வீதிக் கடைத் திண்ணைகள், ரயில் ஜங்ஷன், மாட்டுத்தாவணி, பெரியார் நிலையம், ராஜாஜி மருத்துவமனை வாசல், வைகைப் பாலங்களின் அடிப்பக்கம் ஆகிய இடங்களுக்கு முன்கூட்டியே பகலில் ஒருமுறை போய் ஆள் பழகிக்கொள்ளாமல் இரவில் டார்ச்சோடு போனால் பாதிப் பேர் போலீஸ் என்று எழுந்து போய்விடுவார்கள். அடுத்த சனிக்கிழமை, மார்ச் 6, மாசிச் சிவராத்திரி. குலதெய்வம் கும்பிட வெள்ளிக்கிழமையே தெருக்கள் காலியாகும். 2011இல் மார்ச் 1 முதல் 5 வரை நடந்ததுபோல இந்த முறையும் சரிபார்ப்புச் சுற்று வைத்தால், முதல் மூன்று நாளிலேயே முடித்துவிடுங்கள்.

கடைசியாகக் கோட்டுக்கு வெளியே. எல்லைகள் 2025 டிசம்பர் 31 நிலவரப்படி உறைந்துவிட்டன. ஒத்தக்கடை, நாகமலை புதுக்கோட்டை, கருப்பாயூரணி பக்கம் இன்று நடப்பது 1990களில் ஆனையூரில் நடந்ததுதான். 5,000 பேர், வேலை பார்க்கும் ஆண்களில் முக்கால்வாசி விவசாயத்துக்கு வெளியே, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர்: இந்த மூன்றும் இருந்தால் ஊராட்சியாக இருந்தாலும் கணக்கெடுப்பில் அது நகரம். தொழில் பற்றிய கேள்விக்கு "கூலி" என்று ஒரே சொல்லில் எழுதினால் இரண்டாவது அளவுகோல் உடைந்துபோகும். என்ன கூலி, வயலிலா, கட்டடத்திலா என்று எழுதுங்கள். முடிவு வந்ததும் 1991இன் எல்லை, 2011இன் எல்லை, இன்றைய எல்லை மூன்றுக்கும் தனித்தனியாக, வார்டு வரைபடத்தோடு வெளியிடுமாறு ஆணையரைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கணக்கெடுப்புப் பணி அறிந்த மதுரைக்காரர்கள் சிலர்