தோவாளைச் சந்தையில் நின்று பூ எண்ணாதே

நாகர்கோவில்

அன்புள்ள மக்கா,

கடிதம் கிடைத்தது. குழித்துறையில் மழை விடவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கேயும் கோட்டாற்றுக் கடைவீதியில் முட்டளவு தண்ணீர். அதை விடு, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

‘மனிதக் கார்டெக்ஸின் தடுப்பு நியூரான்களில் 65 சதவீதம் கார்டெக்ஸ் சுவரிலேயே பிறக்கின்றன’ என்ற வரியை அடிக்கோடிட்டு, இதை எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறாய். (கார்டெக்ஸ் என்பது மூளையின் மேற்புறணி, தடுப்பு நியூரான் என்பது மற்ற நியூரான்களை அடக்கிவைப்பது.) அப்படியே சொல்லாதே. அது 2002இல் நேச்சர் இதழில் லெட்டினிச், ராகிச் குழு எழுதியது. மனிதக் கருவின் முன்மூளைத் துண்டுகளை வளர்ப்பு ஊடகத்தில் வைத்து, பிரிகிற செல்களை ரெட்ரோவைரஸால் குறியிட்டுப் பார்த்தார்கள். சுண்டெலியில் கதை ஏற்கெனவே வேறு மாதிரி இருந்தது. 1997இல் ஆண்டர்சன், ரூபன்ஸ்டைன் குழு, முன்மூளையின் அடிப்பகுதிக்கும் கார்டெக்ஸுக்கும் நடுவே வெட்டிவிட்டால் மேலே காபா செல்கள், அதாவது தடுப்பு நியூரான்கள், குறைந்துபோவதைக் காட்டியிருந்தது. டிஎல்எக்ஸ்1, டிஎல்எக்ஸ்2 என்ற மரபணுக்கள் இரண்டும் இல்லாத எலியிலும் அதே குறைவு. ஆக, எலிக்கு வெளியூர் வரத்து, மனிதனுக்குப் பெரும்பாலும் உள்ளூர் விளைச்சல் என்று பாடப்புத்தகங்கள் பிரித்துக்கொண்டன.

சிக்கல் எங்கே தெரியுமா? தோவாளைப் பூச்சந்தையில் விடியற்காலை நின்று எண்ணினால் எல்லாம் தோவாளைப் பூ என்றுதான் தோன்றும். ஓசூர் ரோஜாவும் திண்டுக்கல் பூவும் ராத்திரி லாரியில் வந்தது தெரியாது. கருமூளையிலும் அடியில் பிறந்த செல்கள் கார்டெக்ஸ் சுவரின் அடிமண்டலம் வழியாகவும் நகர்கின்றன. அங்கே டிஎல்எக்ஸ் தெரிந்தால் ‘இங்கே இருக்கிறது’ என்று சொல்லலாம், ‘இங்கே பிறந்தது’ என்று சொல்ல முடியாது. ஏஎஸ்சிஎல்1 மரபணு அதைவிட மோசம். கார்டெக்ஸின் சொந்த முன்னோடிச் செல்களிலும் (பிரிந்து நியூரான்களைத் தருபவை) அது தலைகாட்டும்.

2013இல் நேச்சர் நியூரோசயின்ஸில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைத் திரும்பப் பார்த்தன. ஒன்று மனித மூளையில், மற்றது மனிதனோடு குரங்கிலும். இரண்டுக்கும் ஒரே முடிவு: பெரும்பான்மை வரத்து கேங்லியானிக் எமினென்ஸ் எனப்படும் அடிமேடுகளிலிருந்துதான். எனக்கு அதைவிட நம்பிக்கை தருவது 2009இன் நோயியல் சான்று. அடிமேடு சரியாக உருவாகாத கடுமையான ஹோலோப்ரோசென்செபாலி (முன்மூளை இரண்டாகச் சரியாகப் பிரியாத பிறவிக் கோளாறு) மூளைகளில் பார்வால்புமின், சொமட்டோஸ்டேட்டின், என்பிஒய் என்ற புரதங்களால் அடையாளம் காணும் தடுப்பு நியூரான் வகைகள் கார்டெக்ஸில் ஏறக்குறைய காணாமல் போயிருந்தன. உள்ளூரில் விளைந்திருந்தால் அவை மிஞ்சியிருக்க வேண்டுமே.

இனி உள்ளூர் விளைச்சலே இல்லை என்றும் எழுதிவிடாதே! 2022இல் மனிதக் கார்டெக்ஸ் முன்னோடிச் செல்களுக்குள் தனித்தனி டிஎன்ஏ பார்கோடு ஏற்றிப் பார்த்தபோது, ஒரே தாய்ச் செல்லிலிருந்து தூண்டும் நியூரானும் தடுப்பு நியூரானும் பிறந்தன. அது முடியும் என்பதற்கு இது சான்று. முழு மூளையில் எத்தனை சதவீதம் என்பதற்குச் சான்று அல்ல. வகுப்பில் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்.

மேடுகள் மூன்று. நடு மேட்டில் (எம்.ஜி.இ.) என்கேஎக்ஸ்2-1 மரபணு தொடங்கிவைக்க, எல்எச்எக்ஸ்6 தொடர்கிறது. பார்வால்புமின், சொமட்டோஸ்டேட்டின் வகைகள் அங்கிருந்து. வால்பக்க மேட்டில் (சி.ஜி.இ.) என்ஆர்2எஃப்2, ப்ராக்ஸ்1, எஸ்பி8 மரபணுக்கள். விஐபி, ரீலின் வகைகள் அங்கிருந்து. பக்கவாட்டு மேடு (எல்.ஜி.இ.) மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையாட்டத்தின் நடுத்தர அளவுத் தடுப்பு நியூரான்களையும், வாசனையை அறியும் முகர்வுக் குமிழுக்கானவற்றையும் தருகிறது. பிள்ளைகள் தவறும் இடம் இரண்டு. கரு மூளையில் பார்வால்புமின் தேடுவார்கள், கிடைக்காது. அது வெகு பிந்தித்தான் வெளிப்படும், எல்எச்எக்ஸ்6 தேடச் சொல். அடுத்தது, எலியில் கார்டெக்ஸுக்குக் கிளம்பும் செல் வழியிலேயே என்கேஎக்ஸ்2-1ஐ அணைத்துவிடுகிறது. ஸ்ட்ரையாட்டத்துக்குப் போவது வைத்துக்கொள்கிறது. அதனால் கார்டெக்ஸில் அது இல்லை என்பதை வைத்து நடு மேட்டுப் பிறப்பை மறுக்கக் கூடாது.

குரங்குக்கென்று புதிதாக என்ன என்று கேட்டாயே, அங்கேதான் சுவாரசியம். 2020இல் ஸ்ட்ரையாட்டத்தில் டிஏசி3 மரபணுவைக் காட்டும் ஒரு தடுப்பு நியூரான் வகை கண்டுபிடிக்கப்பட்டது. குரங்கினத்தில் அங்குள்ள இன்டர்நியூரான்களில் (பக்கத்துச் செல்களோடு மட்டும் இணைபவை) ஏறக்குறைய 30 சதவீதம் அதுதான். 2022இல் மக்காக் குரங்கு, சுண்டெலி இரண்டிலும் சேர்த்து 2,50,181 செல்களின் ஆர்என்ஏவை ஒப்பிட்டபோது, பிறப்புக்கு முன் உருவாகும் ஆரம்ப வகுப்புகள் பெரும்பாலும் பொது என்று தெரிந்தது. முகர்வுக் குமிழுக்குப் போகவேண்டிய செல்கள் குரங்கில் பெருத்துவிட்ட வெள்ளைப்பொருளுக்கும் ஸ்ட்ரையாட்டத்துக்கும் திருப்பிவிடப்படுகின்றன. குரங்கின் குமிழோ சிறிசு. ஓணத்துக்குக் கேரளம் போகவேண்டிய பூவை நம்மூர்க் கல்யாணத்துக்கு இறக்கியது மாதிரி என்று வைத்துக்கொள். பின்னர் பன்றியிலும், கீரி போன்ற ஃபெரெட்டிலும் டிஏசி3 வகுப்பு தெரியவந்ததால், ‘குரங்குக்கு மட்டும்’ என்ற முத்திரையை நான் இப்போது போடுவதில்லை.

செய்முறைக்கு மனிதக் கரு வேண்டாம். ஐஐடி மெட்ராஸ் 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘தரணி’ என்ற கரு மூளை அட்லஸில் 14 முதல் 24 வாரம் வரையிலான மூளைகளின் 5,132 வெட்டுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மேடுகளை அதிலேயே காட்டு. ஆன்டிபாடியால் சாயமிடக் கோழிக் கரு போதும். கோழியிலும் அடியிலிருந்து மேலே இதே பயணம் உண்டு. 37.5 டிகிரியில் 7 நாள் அடைவைத்த முட்டை எடு. தலையை 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் 4 டிகிரியில் ஒரு ராத்திரி வை, பிறகு 30 சதவீத சர்க்கரைக் கரைசலில் மூழ்கும்வரை. குறுக்காக 16 முதல் 20 மைக்ரான் வெட்டு. ஸ்லைடை இரண்டு மூன்று மணிநேரம் உலரவிடாமல் சூடான சிட்ரேட்டில் (பிஎச் 6, 95 டிகிரி, 10 நிமிடம்) இறக்கினால் வெட்டு மிதந்து போய்விடும். ஃபார்மால்டிஹைடில் நாள்கணக்கில் ஊறினால் ஆன்டிபாடி ஒட்டாது. வெட்டு சாய்ந்திருந்தால் ஒருபக்கம் நடு மேடும் மறுபக்கம் பின்பகுதியும் வரும், எல்லையைப் பற்றிப் பிள்ளைகள் வீணாகச் சண்டை போடுவார்கள். என்கேஎக்ஸ்2-1 ஆன்டிபாடிக்கு ஹைப்போதாலமஸ் ஒளிர வேண்டும், பக்கவாட்டு மேடு ஒளிரக் கூடாது. இந்த இரண்டும் சரியாக வந்த பிறகுதான் மற்றதைப் படி. வாங்குமுன் அது கோழியில் சோதிக்கப்பட்டதா என்று தாளில் பார்த்துவிடு.

ஒரு ராத்திரி ஊறும் நேரத்தில் கரண்ட் போனால் ஐஸ் பெட்டி தயாராக இருக்கட்டும். முட்டை அடைவைக்கும் தேதியை முன்கூட்டியே எழுது. அந்த வாரம் குழித்துறைப் பக்கம் வர வேலை இருக்கிறது.

உன் பழைய பெஞ்சுக்காரன்