அம்மாவின் விரலில் ரேகை இல்லை: மின்னாளுமை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மின்னாளுமைத் திட்டங்களை வகுக்கும் மத்திய, மாநில அரசு அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

என் அம்மாவுக்கு 71 வயது. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு முந்திரி ஆலையில், எங்கள் பக்கத்துப் பேச்சில் சொன்னால் அண்டி ஆபீஸில், 32 வருஷம் கொட்டை உடைத்தவர். இந்த மாதம் முதியோர் ஓய்வூதியம் வாங்குவதற்காக மூன்று நாள் நடந்தார். மூன்று நாளும் கருவி அவரை அவர் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. நாலாம் நாள் நான் விடுப்பு போட்டுவிட்டுக் கூடவே போனேன். அன்றைக்குப் பார்த்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வங்கி முகவராக வரும் தம்பி சமுதாயக் கூடத் திண்ணையில் கைரேகைக் கருவியோடு உட்கார்ந்திருந்தார். அம்மா வலது கட்டைவிரலை வைத்தார். பொருந்தவில்லை. துணியால் துடைத்துவிட்டு வைத்தார். தலைமுடியில் தேய்த்துவிட்டு வைத்தார். இடது கை, ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று பத்து விரலும் முடிந்தது. "இன்னொருக்கா வச்சுப் பாரு மக்கா, இந்த தடவை விழும்" என்று அந்தத் தம்பியிடம் கெஞ்சினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அம்மா என் பக்கம் திரும்பி, "எனக்க விரல்லதான் குத்தம்" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று. கருவி ஒத்துக்கொள்ளாத மனிதரை வேறு வழியில் அடையாளம் கண்டு, அவருக்குரியதை அன்றைக்கே கொடுத்து அனுப்புங்கள்.

முந்திரி ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலில் பட்டால் வெந்துபோகும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். அப்படியும் விரல் நுனி கறுத்து, தோல் உரிந்து, உரிந்த இடத்தில் வழவழவென்று புதுத் தோல் வரும். அதுவும் அடுத்த வாரமே உரியும். சின்ன வயதில் அம்மா சோறு ஊட்டும்போது அந்த விரல்கள் என் உதட்டில் சொரசொரவென்று படும். 32 வருஷத்துக்குப் பிறகு ரேகை என்று சொல்ல அவர் விரலில் எதுவும் மிச்சமில்லை. ஆதார் மையத்தில் போய்ப் புதுப்பித்தும் பார்த்தோம். "புதுசா எடுத்தாலும் எடுக்க ரேகை வேணுமே அக்கா" என்றார் அங்கே இருந்த பெண். அவர் சொன்னது சரிதான்.

இதற்காக அம்மா என்ன செய்கிறார் தெரியுமா? பணம் வரும் தேதிக்கு நாலு நாள் முன்பே பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிடுகிறார். துணி துவைப்பதில்லை. ராத்திரி விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு படுக்கிறார். வாழ்நாள் முழுக்க விரலைத் தேய்த்துச் சம்பாதித்தவர், இப்போது அந்த விரலைப் பொத்திப் பொத்திப் பாதுகாக்கிறார். வயதானவர்களுக்கு ஒரு ஆறுதலாக இருக்கட்டும் என்று தொடங்கிய திட்டம், மாதத்தில் நாலு நாள் அவரைத் தூங்கவிடாமல் செய்கிறது.

நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்லை. மணியார்டர் எப்போது வரும் என்று தெரியாமல் என் பாட்டி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. இப்போது கணக்கில் பணம் நேராக விழுகிறது. நடுவில் யாரும் கை வைக்க முடியாது. அது பெரிய விஷயம், அதற்காக உங்களுக்கு மனமார நன்றி சொல்வேன். ஆனால் கணக்கு வரைக்கும் வந்த பணம் அம்மாவின் கைக்கு வரவில்லையே. கடைசி ஒரு முழம் தூரத்தில் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு மறித்துக்கொண்டு நிற்கிறது.

அது மறிப்பது யாரை என்று யோசித்துப் பாருங்கள். சிமெண்ட் குழைத்த கொத்தனார், உப்பளத்தில் வேலை செய்தவர், வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர், தொழுநோயில் விரலை இழந்தவர். யாருக்காக இந்தத் திட்டங்கள் இருக்கின்றனவோ அவர்களுடைய விரல்தான் முதலில் தேய்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த விரல்களை வைத்துச் சோதித்தால் இந்தக் குறை கண்ணில் படவே படாது.

உங்களுக்கு இது புதிய செய்தியும் இல்லை. 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை, ஆதார் சரிபார்ப்புத் தோல்வி ஜார்கண்டில் 49 சதவீதம், ராஜஸ்தானில் 37 சதவீதம், குஜராத்தில் 6 சதவீதம் என்ற மதிப்பீடுகளை எடுத்துச் சொன்னது. எழுதியது மத்திய நிதி அமைச்சகம். 2017-ல் ஜார்கண்டின் சிம்தேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டை நீக்கப்பட்டிருந்தது. பட்டினி என்றது குடும்பம், மலேரியா என்றது அரசு. அதற்குப் பிறகு அக்டோபர் 24 அன்று மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு ஓர் உத்தரவு அனுப்பியது: ஆதார் இல்லை என்றோ, ரேகை பொருந்தவில்லை என்றோ யாருக்கும் ரேஷனை மறுக்கக் கூடாது. 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றமும், சரிபார்ப்பு தோற்றால் மாற்று வழியில் அடையாளம் காண வழி இருக்க வேண்டும் என்றது.

அப்படியானால் எங்கே இடிக்கிறது? அன்றைக்கு அந்தத் தம்பியின் திரையை எட்டிப் பார்த்தேன். விரலை வைக்கச் சொல்லும் பொத்தான் இருந்தது, ரத்து செய்யும் பொத்தான் இருந்தது. மாற்று வழி என்று எதுவும் அதில் இல்லை. உத்தரவும் தீர்ப்பும் எத்தனை இருந்தாலும், திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் அழுத்த ஒரு பொத்தான் இல்லாவிட்டால் அவர் என்னதான் செய்வார்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு பணப் பட்டுவாடாவுக்கும் அவருக்குக் கிடைப்பது சின்னத் தரகு. அம்மாவோடு மல்லுக்கட்டிய அந்த அரை மணி நேரத்துக்கு அதுவும் கிடையாது. தவறு அவருக்கு மேலே, அந்தத் திரையை வரைந்த இடத்தில் இருக்கிறது. அதனால்தான் மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

கணினி இல்லாத காலத்தில் இந்த நாட்டு அதிகாரிகள் விரலைப் பற்றி எப்படி யோசித்தார்கள் என்று நினைவுபடுத்த அனுமதியுங்கள். 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில், வாக்காளரின் இடது ஆள்காட்டி விரலில் மை வைக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்த விரல் இல்லாவிட்டால் இடது கையின் வேறு விரல். இடது கையில் விரலே இல்லாவிட்டால் வலது கை ஆள்காட்டி விரல். அதுவும் இல்லாவிட்டால் வலது கையின் வேறு விரல். இரண்டு கையிலும் ஒரு விரல்கூட இல்லாவிட்டால், இருக்கிற கையின் நுனியில் வை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இதை முதல்முறை படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. விரலே இல்லாத ஒரு மனிதர் வாக்குச்சாவடிக்கு வருவார், அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1961-லேயே யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அந்த யோசனைக்குக் கணினியும் தேவைப்படவில்லை, காசும் தேவைப்படவில்லை.

பத்திரத்தில் ரேகை வைத்த காலத்திலும் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து என்று ஒன்று இருந்தது. இவர் இன்னார்தான் என்று தெரிந்த இரண்டு பேர் சொன்னால் போதும். எங்கள் தெருவில் அம்மாவைத் தெரியாதவர் ஒருவர்கூடக் கிடையாது. தெரியாதது அந்தக் கருவிக்கு மட்டும்தான். அதன் பேச்சுதான் எடுபடுகிறது.

இது விரலோடு முடிகிற விஷயமும் இல்லை. ஓ.டி.பி. வருகிற கைபேசி அம்மாவிடம் இல்லை, வெளியூரில் வேலை பார்க்கும் என் சொந்தத் தம்பியிடம் இருக்கிறது. அவன் வேலையில் இருந்தால் எண் வந்து சேர்வதற்குள் காலாவதியாகிவிடுகிறது. தாலுகா அலுவலகம் கொடுத்த சான்றிதழை ஸ்கேன் செய்து அதே அரசின் இணையதளத்தில் மறுபடி ஏற்றச் சொல்கிறார்கள். அரசின் மின் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் இருக்கும் ஆவணம் அசலுக்குச் சமம் என்று 2017-லேயே விதி வந்துவிட்டது. போன வருஷம் நான் போன அலுவலகத்தில் அதைக் கைபேசியில் காட்டினேன். "ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க" என்றார்கள். வரிசை அப்படியே இருக்க, அதற்கு முன்னால் ஒரு கணினியை மட்டும் வைத்தால் அது சீர்திருத்தம் ஆகுமா? மக்கள் முன்பு அலுவலகத்தில் காத்திருந்தார்கள், இப்போது சர்வருக்காகக் காத்திருக்கிறார்கள். அலுவலகத்தில் மனுவை வாங்க ஒரு ஆளாவது இருப்பார். சர்வரிடம் யார் போய் முறையிடுவது?

மன்னிக்க வேண்டும். கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

முதலில், அந்தத் திரையில் இன்னொரு பொத்தான் வேண்டும். ரேகை இரண்டு மூன்று முறை பொருந்தாவிட்டால் அது தானாகவே திறக்கட்டும். பயனாளியின் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரோ, தபால்காரரோ, மகளிர் சுய உதவிக் குழுத் தலைவியோ சாட்சி சொன்னால் பணத்தைக் கொடுக்கட்டும். அப்படிக் கொடுக்கும் முகவருக்கும் அதே தரகு கிடைக்கட்டும். அப்புறம், யாரையாவது திருப்பி அனுப்ப நேர்ந்தால் தேதி, நேரம், காரணம் போட்டு ஒரு சீட்டுக் கொடுங்கள். இன்றைக்கு அம்மா நாலு நாள் நடந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. புகார் எழுதப் போனால் "எப்ப வந்தீங்க?" என்று கேட்கிறார்கள். அந்தச் சீட்டுகளை ஊர்வாரியாக எண்ணி மாதாமாதம் வெளியிட்டாலே, எந்தக் கருவி எங்கே யாரை விரட்டுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

மோசடி நடக்கும் என்று சொல்வீர்கள். பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை நகலெடுத்துப் பணம் திருடிய வழக்குகள் காவல் நிலையங்களில் பதிவாகியிருக்கின்றன. ரேகையால் மோசடி நின்றுவிடவில்லை. சாட்சியோடும் படத்தோடும் கொடுத்த பணத்தைத் தணிக்கை செய்வது அதைவிட எளிது. மாற்று வழி கொடுத்த இடங்களைக் கூடுதலாகத் தணிக்கை செய்யுங்கள், தப்பே இல்லை. ஆனால் ஒரு திருடன் வரக்கூடும் என்பதற்காக ஊரில் இருக்கும் எல்லாக் கிழவிகளையும் வாசலிலேயே நிறுத்தி வைக்காதீர்கள்.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் முகத்தைக் காட்டியே உயிர்வாழ் சான்று கொடுக்கலாம் என்று 2021 நவம்பரில் வசதி செய்தீர்கள். வயதான விரல் தேயும் என்று தெரிந்துதானே அதைச் செய்தீர்கள்? தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் கருவிழிக் கருவிகள் வந்திருக்கின்றன. நடக்க முடியாதவர்களுக்குப் பதிலாக வேறொருவர் பொருள் வாங்க அனுமதி உண்டு. 2025 ஆகஸ்டில், 70 வயது தாண்டியவர்களின் வீட்டுக்கே ரேஷன் கொண்டுபோகும் திட்டம் தொடங்கியது. அரிசிக்குச் செய்ததை ஓய்வூதியத்துக்கும் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நாலாம் நாளும் அம்மா வெறுங்கையோடுதான் திரும்பினார். பிறகு இரண்டு பஸ் மாறி வங்கிக் கிளைக்குப் போய், மேலாளரிடம் நான் சண்டை போட்டுத்தான் பணம் வந்தது. சண்டை போட ஆள் இல்லாதவர்கள் அந்த வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றார்கள். அவர்களில் யார் வாங்கினார்கள், யார் அப்படியே போனார்கள் என்று எனக்குத் தெரியாது.

தயவுசெய்து, கருவி ஒத்துக்கொள்ளாத மனிதரை வேறு வழியில் அடையாளம் கண்டு, அன்றைக்கே கொடுத்து அனுப்ப உத்தரவிடுங்கள். உத்தரவு காகிதத்தில் நிற்காமல் அந்தத் திரைக்குள்ளும் வரும்படி செய்யுங்கள். அடுத்த மாதப் பணத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. அதற்குள் இதெல்லாம் நடக்காது என்று தெரியும். இன்னும் ஏழு நாளில் அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிடுவார். அதற்கடுத்த மாதமாவது அவர் நிறுத்த வேண்டியிருக்கக் கூடாது என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு முந்திரி ஆலைத் தொழிலாளியின் மகள்