பொருள்: பூட் ஆகாத புது மதர்போர்டை "பழுதில்லை" என்று திருப்பிக் கொடுத்தது குறித்த புகார்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன் செய்தும் மின்னஞ்சல் அனுப்பியும் ஓய்ந்துபோய்த்தான் உங்களுக்கே நேரடியாக எழுதுகிறேன். தயவுசெய்து இதற்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற தானியங்கிப் பதிலை அனுப்பிவிடாதீர்கள்.

உங்கள் நிறுவனத்தின் பி450 மதர்போர்டில் ரைசன் 5 5600எக்ஸ் பிராசசரைப் போட்டுப் புது கம்ப்யூட்டர் ஒன்றை அசெம்பிள் செய்தேன். இந்த பிராசசர் வேலை செய்யும் என்று உங்கள் இணையதளத்தில் பார்த்த பிறகே வாங்கினேன். பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன்கள் சுற்றுகின்றன, மானிட்டரில் ஒன்றும் வருவதில்லை. போர்டில் சிபியு என்று போட்டிருக்கும் சிவப்பு விளக்கு அணையாமல் எரிகிறது. ராமை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டேன். 24 பின், 8 பின் பவர் கேபிள்களைக் கழற்றி மாட்டினேன். போர்டின் பேட்டரியை எடுத்து, அதில் சேமித்திருந்த அமைப்புகளை அழித்தேன் (சிமாஸ் கிளியர்). வேறு எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) கொடுத்தும் பார்த்தேன். அதே பிராசசர் நண்பரின் கம்ப்யூட்டரில் உடனே வேலை செய்தது.

இதையெல்லாம் உங்கள் ஆட்களிடம் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஒருவர் விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொன்னார். டிஸ்ப்ளேயே வராத கம்ப்யூட்டரில் எப்படி ஐயா இன்ஸ்டால் செய்வது? இன்னொருவர் மானிட்டர் கேபிளை மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் மாட்டச் சொன்னார். 5600எக்ஸ் பிராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது, அதில் மாட்டினால் என்றைக்கும் படம் வராது. போர்டைத் தயாரித்த உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

சர்வீஸ் சென்டரில் நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மழையில் போர்டைச் சுமந்துகொண்டு போய், பாதி நாள் காத்திருந்து கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு கூப்பிட்டு "பழுதில்லை, எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார்கள். வீட்டுக்கு வந்து மாட்டினால் அதே சிவப்பு விளக்கு. அப்போதுதான் ஜாப் ஷீட்டை ஒழுங்காகப் படித்தேன். ரைசன் 5 2600 என்ற பழைய பிராசசரைப் போட்டுச் சோதித்ததாக எழுதியிருக்கிறது, போர்டில் இருக்கும் பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் போர்டின் உள் மென்பொருள்) 2019ஆம் ஆண்டுடையது என்றும் எழுதியிருக்கிறது. 5600எக்ஸ் வெளிவந்ததே 2020 நவம்பரில். 2019 பயாஸுக்கு அந்த பிராசசரை எப்படி அடையாளம் தெரியும்? பழைய பிராசசர் போட்டு போர்டு ஓடிக்கொண்டிருந்த அந்த மேஜையிலேயே, ஒரு பென் டிரைவைச் சொருகி பயாஸை அப்டேட் செய்திருந்தால் சில நிமிடங்களில் வேலை முடிந்திருக்கும். என்ன பிராசசர் என்று புகாரில் தெளிவாக எழுதிக் கொடுத்தும் ஒருவர்கூட அதைப் படிக்கவில்லை. என் போர்டில், பிராசசர் ஓடாமலே பயாஸை அப்டேட் செய்ய உதவும் ஃபிளாஷ்பேக் பட்டனும் இல்லை, அதனால் பழைய பிராசசர் இல்லாமல் வீட்டில் நானாக எதுவும் செய்ய முடியாது.

இதைச் சொல்லத்தான் மறுபடி போன் செய்தேன். சீனியர் என்று சொல்லிக்கொண்டவர் பாதியிலேயே குறுக்கிட்டு, "தெரியாத வேலைய நீங்களே செஞ்சா இப்படித்தான் ஆகும், கடைக்காரங்ககிட்ட விட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார். காசு கொடுத்து வாங்கியவனிடம் பேசுகிற பேச்சா இது? அந்த உரையாடலின் பதிவு உங்களிடம் இருக்கும். தயவுசெய்து நீங்களே கேட்டுப் பாருங்கள்.

வீடியோ எடிட்டிங்தான் என் பிழைப்பு. இந்த கம்ப்யூட்டரை நம்பி ஒப்புக்கொண்ட வேலைகள் எல்லாம் கைவிட்டுப் போய்விட்டன, என் தொழிலே அழிந்துபோயிற்று. கடையில் திருப்பிக் கொடுக்கும் கெடுவும் உங்கள் அலைக்கழிப்பிலேயே முடிந்துவிட்டது.

உங்கள் செலவில் போர்டை வீட்டிலிருந்து எடுத்துச் சென்று, பயாஸை அப்டேட் செய்து, 5600எக்ஸ் போட்டுச் சோதித்துத் திருப்பித் தாருங்கள். முடியாதென்றால் முழுப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள். அந்த சீனியர் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பழைய பயாஸோடு விற்கும் பெட்டிகளின் மேல் எந்தெந்த பிராசசர் அப்டேட் இல்லாமல் ஓடாது என்று பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

உங்கள் மேல் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை இருப்பதால்தான் பணிவாகக் கேட்கிறேன். 7 நாட்களுக்குள் உருப்படியான பதில் வராவிட்டால், ஜாப் ஷீட்டோடு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். அங்கே அலைந்த அலைச்சலுக்கும் போன வருமானத்துக்கும் சேர்த்தே இழப்பீடு கேட்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், ஜாப் ஷீட் நகல், சிவப்பு விளக்கு எரியும் போர்டின் படம்