கட்டிலை வளவுக்குக் கொண்டு வாருங்கள்

சிவமயம்

லண்டன்,
தை 20

அன்புத் தம்பி சொக்கலிங்கத்துக்கு ஆச்சி எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் சௌக்கியம். குளிர்தான் விட்டபாடில்லை; அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது.

அப்பத்தாவை மதுரை ஆஸ்பத்திரியில் "இனிச் செய்யறதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டதாக எழுதியிருந்தாய். அந்த வாக்கியத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. நோயைத் தீர்க்க ஒன்றுமில்லை என்பது வேறு, அப்பத்தாவுக்குச் செய்ய ஒன்றுமில்லை என்பது வேறு. நான் இங்கே ஹாஸ்பிஸில், அதாவது நோய் தீராதவர்களின் வேதனையைத் தணித்துப் பார்த்துக்கொள்ளும் அமைப்பில், சம்பளம் வாங்குவதே அந்த இரண்டாவது வேலைக்குத்தான். போனில் சொன்னால் பாதி காதில் விழாது. அதனால் எழுதுகிறேன். ஐயா காலத்தில் ரங்கூனிலிருந்து வந்த கடிதமெல்லாம் வட்டிக் கணக்கு, இது மாத்திரைக் கணக்கு. மீனாளும் படிக்கட்டும், ராத்திரி விழிக்கப்போவது அவள்தான்.

ஹாஸ்பிஸ் என்றதும் சாகிறவர்களைக் கொண்டுபோய் வைக்கிற கட்டடம் என்று நினைத்துக்கொள்ளாதே. கட்டடம் இருக்கிறது, கட்டிலும் இருக்கிறது, ஆனால் பெரும்பாலான வேலை நோயாளியின் வீட்டில்தான் நடக்கிறது. 1967-ல் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மாள் தென் லண்டனில் சைடன்ஹாம் என்ற இடத்தில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். முதலில் நர்ஸ், பிறகு சமூகப் பணியாளர், அதன் பிறகு படித்து டாக்டரானவர். வலி திரும்பி வந்த பிறகு மருந்து கொடுக்காதே, வருவதற்கு முன்பே கொடு என்று வற்புறுத்தியவர். உடம்பு வலியோடு மனசு, பணக்கவலை, குடும்பச் சண்டை, சாமி மேல் உள்ள கோபம் எல்லாம் சேர்ந்ததுதான் முழு வலி என்றும் சொன்னார். நோயாளியிடம் ஒரு காசு வாங்குவதில்லை. அரசாங்கம் கொஞ்சம் கொடுக்கிறது, மீதியை நன்கொடையிலும் பழைய துணி, பாத்திரம் விற்கிற கடைகளிலும் திரட்டுகிறார்கள். நம் கோயிலுக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் புள்ளிவரி மாதிரி, ஆனால் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை.

இனி வேலைக்கு வருகிறேன்.

முதலில் அப்பத்தாவை உள்ளறையிலிருந்து வெளியே கொண்டுவா. அந்த அறையில் வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை, நிலைப்படி வேறு முழங்கால் உயரம். முற்றத்தைச் சுற்றி ஓடும் வளவில், முற்றம் கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்துக் கட்டிலைப் போடு. பாயில் தரையில் படுத்தே பழகியவர்கள் என்று சொல்வாய். தரை குளிர்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் குனிந்து குனிந்து புரட்டினால் ஒரு வாரத்தில் மீனாளின் இடுப்பு போய்விடும். கட்டிலின் உயரம் அவள் இடுப்புக்கு வர வேண்டும். போதாவிட்டால் நாலு காலுக்கும் மரக்கட்டை வைத்து உயர்த்து, ஆட்டிப் பார். மூச்சு வாங்கும்போது தலைப்பக்கம் தலையணை அடுக்கி உட்காரவைத்து, மேசை விசிறியை முகத்துக்கு நேராகத் திருப்பு. கன்னத்திலும் மூக்கிலும் காற்றுப் பட்டாலே மூச்சுத்திணறல் தணியும். ஆக்சிஜனைத் தேடி ஓடுவதற்கு முன் இதைச் செய்.

அடுத்தது வலி மருந்து. உனக்குள் இருக்கிற பயம் எனக்குத் தெரியும். "மார்ஃபின் கொடுத்தா சீக்கிரம் போயிடுவாங்க" என்று பங்காளி வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். குறைந்த அளவில் தொடங்கி, வலியைப் பார்த்துப் பார்த்து ஏற்றினால் அது ஆளைக் கொல்லாது. வலிக்காகச் சாப்பிடுகிறவரைப் போதைக்கு அடிமையாக்குவதும் இல்லை. கெடுவது எங்கே தெரியுமா? "வலிச்சா கொடுங்க" என்று எழுதிக் கொடுப்பதில். வலி உச்சிக்குப் போன பிறகு கொடுத்தால் அதை இறக்க அதிக மருந்து வேண்டும், தூக்கமும் அதிகமாகும். வாய் வழியாக, கடிகாரப்படி, படிப்படியாக என்று உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே சொல்லிவிட்டது.

சாதாரண மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரம் நிற்கும். அதனால் காலை 6, 10, மத்தியானம் 2, மாலை 6, இரவு 10. ராத்திரி 2 மணிக்கு எழுப்பாமல் இருக்க 10 மணிக்கு இரண்டு வேளை அளவைச் சேர்த்துக் கொடுக்கச் சொல்லும் டாக்டர்கள் உண்டு. அப்பத்தா வயசுக்கு அது சரியா என்று கேட்டுக்கொள். ஒரு வேளைக்கு 5 மில்லிகிராம் என்று எழுதினால் 10 மில்லிகிராம் மாத்திரையில் பாதி. ஒரு நாளைக்கு ஆறு வேளைக் கணக்கில் 30 மில்லிகிராம். நடுவில் வலி மீறினால் கொடுக்கும் உபரி மருந்து, நாள் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு வரை. அதாவது அதே பாதி மாத்திரை. உபரி கொடுத்தாலும் அடுத்த வேளையைத் தள்ளிப்போடாதே. உபரி ஒரு நாளில் மூன்று தரத்துக்கு மேல் தேவைப்பட்டால் அளவு போதவில்லை என்று அர்த்தம். நீயாக ஏற்றாதே, டாக்டரைக் கூப்பிடு. உறையில் 'எஸ்.ஆர்.' என்று போட்டிருந்தால் அது மெதுவாகக் கரைகிற மாத்திரை. அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, பன்னிரண்டு மணி நேரத்து மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

வலி எவ்வளவு என்று கேட்க இங்கே பூஜ்யத்திலிருந்து பத்து வரை சொல்லச் சொல்வோம். அப்பத்தாவிடம் அணாக் கணக்கில் கேள். "ரூபாய்க்கு எத்தனை அணா வலிக்குது?" பதினாறு அணா என்றால் தாங்க முடியவில்லை, நாலணா என்றால் பரவாயில்லை. ஒரு நோட்டில் மணி, கொடுத்த மருந்து, கொடுக்கும் முன் எத்தனை அணா, ஒரு மணி கழித்து எத்தனை அணா, இந்த நாலையும் எழுது. பேச்சு நின்ற பிறகு முகத்தைப் பார். புரட்டும்போது புருவம் நெரிந்தால், முனகினால், வலிதான்.

முதல் இரண்டு மூன்று நாள் தூங்கி வழிவார்கள், குமட்டலும் இருக்கலாம்; இரண்டும் பழகிவிடும். பழகாதது மலச்சிக்கல். மார்ஃபின் தொடங்கும் அன்றைக்கே பேதி மாத்திரையும் தொடங்க வேண்டும். டாக்டர் எழுதாவிட்டால் கேட்டு வாங்கு. இசப்கோல் கொடுக்காதே. தண்ணீர் அதிகம் குடிக்காதவருக்கு அது குடலிலேயே கட்டியாகிவிடும். இன்னொன்று, இதில் டாக்டர்களே ஏமாறுவார்கள்: நாலு நாள் போகாமல் இருந்துவிட்டுத் திடீரென்று தண்ணீராகக் கொஞ்சம் கொஞ்சம் கசிந்தால் அது வயிற்றுப்போக்கு இல்லை. கெட்டியாக அடைத்திருப்பதைச் சுற்றி ஒழுகுகிறது. அதை நிறுத்த மாத்திரை கொடுத்தால் காரியம் கெட்டது. கை கால் திடீர் திடீரென்று தூக்கிப்போட்டால், எழுப்பியும் விழிக்காமல் கிடந்தால், சிறுநீரகம் தளர்ந்து மருந்து உடம்பில் தேங்குகிறது என்று சந்தேகப்படு. அடுத்த வேளைக்கு முன் டாக்டரிடம் சொல்.

மார்ஃபின் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது. 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திக் கொஞ்சம் எளிதாக்கினார்கள், ஆனாலும் அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிதான் தர முடியும். நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆட்களைப் பார். 2021-ல் தொடங்கிய திட்டம். சர்க்கரை, பிரஷர் மாத்திரை மட்டுமில்லை, படுக்கையில் இருப்பவரை வீட்டுக்கு வந்து பார்க்கும் வலி நிவாரண நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வட்டாரந்தோறும் உண்டு. வழி தெரியாவிட்டால் 104-க்கு அடி. மருந்துக்கு சிவகங்கை மருத்துவக் கல்லூரியில் முதலில் விசாரி. வாங்கி வந்ததைப் பூட்டி வை, மாத்திரையை எண்ணி நோட்டில் எழுது.

இங்கே வீட்டில் இருக்கும் நோயாளிக்கு ஒரு பெட்டி முன்கூட்டியே வந்துவிடும். வலி, வாந்தி, பதற்றம், தொண்டையில் சளிச்சத்தம், நாலுக்கும் ஊசி மருந்து, டாக்டர் கையெழுத்திட்ட தாள். நடுராத்திரி வரும் நர்ஸ் கடை தேடி அலைய வேண்டாம். விழுங்க முடியாதபோது ஒரு கையகல பம்ப் 24 மணி நேரமும் தோலுக்கடியில் மருந்தைச் செலுத்திக்கொண்டே இருக்கும். வாய்வழி 60 மில்லிகிராம் என்றால் தோலுக்கடியில் 30 போதும். அந்தப் பெட்டி அங்கே வராது. அதனால் "விழுங்க முடியாமல் போனால் என்ன செய்வது, ராத்திரி யாரைக் கூப்பிடுவது" என்று இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்.

சாப்பாடு விஷயத்தில்தான் நம் வீடுகளில் சண்டை வரும். பசித்து வாடுகிறார்களே என்று தோன்றும். உடம்பு கடையைக் கட்டும்போது பசி தானாகவே போய்விடுகிறது; சாப்பிடாததால் அவர்கள் சாகவில்லை, சாவு நெருங்குவதால் சாப்பிடவில்லை. கேட்டால் கொடு. உட்காரவைத்து, சின்னக் கரண்டியால், விழுங்கிவிட்டார்களா என்று பார்த்து அடுத்தது. பிறகு அரைமணி நேரம் சாய்க்காதே. ஆத்தா "ஒரு பாட்டில் குளுக்கோஸாவது ஏத்துங்க" என்பார்கள். அரை லிட்டர் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரைதான் இருக்கிறது, இரண்டு இட்லிக்குச் சமம். கடைசி நாட்களில் அந்தத் தண்ணீர் காலில் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும் நிற்கும், உயிரில் நிற்காது. இதைச் சொல்லும் வேலையை என்னிடம் விட்டுவிடு, நான் போனில் பேசுகிறேன்.

பால் விடுவதும் அப்படித்தான். வரிசையாக ஒவ்வொருவரும் கரண்டியால் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும், மூச்சு முட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. பஞ்சைப் பாலில் தொட்டுப் பிழிந்து உதட்டில் ஒற்றச் சொல். சடங்கும் ஆயிற்று, அப்பத்தாவும் திணறமாட்டார்கள்.

வாயைச் சுத்தமாக வைப்பதுதான் தாகத்துக்கு மருந்து. அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. விரலில் மெல்லிய துணி சுற்றி அதில் நனைத்து, கன்னத்தின் உட்புறம், ஈறு, நாக்கு என்று இரண்டு மணிக்கொரு தரம் துடை. பல்செட்டை ராத்திரி கழற்று. நாக்கில் தயிர் ஒட்டியது போல வெள்ளை படிந்து துடைத்தாலும் போகாவிட்டால் அது பூஞ்சை, மருந்து வேண்டும். உதட்டுக்கு வாசலின், ஆனால் ஆக்சிஜன் ஓடும்போது கூடாது.

புரட்டுவது. இரண்டு மணிக்கொரு தரம், இடம், மல்லாக்க, வலம். முழுக்க ஒருக்களித்தால் இடுப்பெலும்பு தோலை நெரிக்கும். முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்து முப்பது டிகிரி சாய்த்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று, குதிகால் மெத்தையில் படாமல் தொங்க வேண்டும். ரப்பர் வளையம் வேண்டாம், அது சுற்றியுள்ள தோலுக்கு ரத்தம் போவதைத் தடுக்கும். இழுத்துப் புரட்டாதே, துவைத்துத் துவைத்து மெத்தென்றான கண்டாங்கிச் சேலை ஒன்றை மடித்து இடுப்புக்கடியில் விரி, இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். பீரோவைத் திறந்தால் அதற்கு ஆன சேலை நிறைய இருக்கும், அப்பத்தாவும் சந்தோஷப்படுவார்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்து. வெளுத்துத் திரும்பச் சிவந்தால் தப்பித்தது, வெளுக்கவே இல்லையென்றால் புண் தொடங்கிவிட்டது. அந்தப் பக்கம் படுக்கவைக்காதே, தேய்த்தும் விடாதே. புண் நாறினால் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவச் சொல்வார்கள், நர்ஸிடம் கேள்.

அப்பத்தாவிடம் என்ன நோய் என்று யாரும் சொல்லவில்லை என்றாய். அவர்களுக்குத் தெரியாது என்றா நினைக்கிறாய்? நீயாக ஒன்றும் அவிழ்க்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு எப்படி இருக்கறதா தோணுது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். அவர்கள் எவ்வளவு கேட்கிறார்களோ அவ்வளவுக்குப் பதில் சொல். ஐ.சி.யு., குழாய் இதெல்லாம் வேண்டாம் என்றால் எழுதி வாங்கலாம். 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது, 2023-ல் எளிதாக்கியது. இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி கையெழுத்து. நினைவு தெளிவாக இருக்கும்போதே செய்ய வேண்டும்.

பார்க்க வருகிறவர்களை முகப்பிலேயே உட்காரவை. உள்ளே ஒரு நேரத்தில் இரண்டு பேர். கேதம் கேட்க வந்த மாதிரி கட்டிலைச் சுற்றி அழுதால் அப்பத்தா என்ன நினைப்பார்கள்? மீனாளுக்கு இரண்டு ராத்திரிக்கு ஒரு ராத்திரி முழுத் தூக்கம் வேண்டும். அந்த முறை உன்னுடையது. பகலில் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சொல்லாதே.

கடைசி நாட்களில் கை கால் குளிரும், முழங்காலில் ஊதா படரும், சிறுநீர் குறையும், மூச்சு நின்று நின்று வரும். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் ஒருக்களித்துப் படுக்கவை. அது நமக்குத்தான் கஷ்டம், பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிவதில்லை. புரண்டு புரண்டு பதறினால் முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பார், சிறுநீர் கட்டியிருக்கும். வலி மருந்தை நிறுத்தாதே. பேசிக்கொண்டே இரு, காது கேட்கும் என்று வைத்துக்கொள். ஆம்புலன்ஸைக் கூப்பிடாதே. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் வீட்டுக்கு வந்து இறப்புச் சான்றுக்கு 4-ஏ படிவம் தருவாரா என்று முன்பே பேசிவை. பதிய 21 நாள் இருக்கிறது. அப்பத்தா நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறதே, தகனத்துக்கு முன் எடுத்தாக வேண்டும், நெருப்பில் வெடிக்கும். மீந்த மார்ஃபினை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிடு.

நோட்டின் அன்றைய பக்கத்தைத் தினமும் மாலை 6 மணி மருந்து கொடுத்த பிறகு படமெடுத்து அனுப்பு. இங்கே அப்போது பன்னிரண்டரை, டூட்டியில் இருந்தாலும் பார்த்துவிடுவேன். கட்டிலை வளவில் போட்ட படமும் அனுப்பு, உயரத்தைப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு
ஆச்சி