மாடிப்படி விஷயம்

அன்புள்ள சுண்டுவுக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஏழாம் மாதம், வளைகாப்பு, புடவை என்று மூன்று பக்கம் எழுதிவிட்டு, ஓரத்தில் பொடியாக 'படி ஏறினால் மூச்சு வாங்குது, வயசாச்சுல்ல' என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது.

போன மாதம் எங்கள் சிசியூவுக்கு, அதுதான் இதய நோயாளிகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு, மாரடைப்போடு ஒரு அம்மா வந்தார். 52 வயது, வெகுநாளாக சுகர். நெஞ்சுவலியே இல்லை. தாடை இழுத்துப் பிடித்திருக்கிறது, குப்பென்று வேர்த்திருக்கிறது, இரண்டு தடவை வாந்தி. வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டு, மறுநாளைக்கு மாவை அரைத்து வழித்து வைத்துத்தான் படுத்திருக்கிறார். மகன் வந்து அழைத்து வருவதற்குள் 14 மணி நேரம் போய்விட்டது. ஸ்டென்ட் வைத்தாயிற்று, செத்த இதயத் தசை திரும்புமா? இதயத்தின் பம்பிங் 30 சதவீதம்தான். நுரையீரலில் நீர் கோத்து எட்டு நாள் கிடந்தார். 'மாவு புளிச்சிருக்குமே' என்பதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு!

சுகர் நரம்பை மழுங்கடித்தால் வலி தெரியாது என்று நாம் பரீட்சைக்குப் படித்ததுதான். அமெரிக்காவில் மாரடைப்போடு சேர்ந்த 11 லட்சம் பேரின் பதிவுகளை அலசி 2012இல் ஒரு கட்டுரை வந்தது. நெஞ்சுவலி இல்லாமல் வந்தவர்கள் பெண்களில் 42 சதவீதம், ஆண்களில் 31. ஆஸ்பத்திரியிலேயே இறந்தவர்கள் பெண்களில் 14.6, ஆண்களில் 10.3. பெண்களான நமக்கு மாரடைப்பு வயது கூடித்தான் வருகிறது, அது ஒரு காரணம். ஆனால் சின்ன வயதுப் பெண்களிடம்தான் ஆண்களோடு உள்ள வித்தியாசம் இன்னும் பெரிது.

'எனக்குத்தான் சுகரே இல்லையே' என்பாய். அங்கேயே 2011இல் இன்னொரு கணக்கு பார்த்தார்கள். சுகர், பிரஷர், கொழுப்பு, புகை, குடும்பத்தில் இதயநோய் என்ற ஐந்தில் ஒன்றுகூட இல்லாமல் முதல் மாரடைப்போடு வந்தவர்களில்தான் இறப்பு அதிகம். வயதைக் கழித்துப் பார்த்தும் அப்படித்தான். ஏற்கெனவே நோய் தெரிந்தவர் மாத்திரையாவது போட்டுக்கொண்டிருப்பார், இல்லாதவரை யார் கவனிக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் ஒன்று. முதல் பிரசவத்தில் உனக்கு பிரஷர் எகிறி, முகமெல்லாம் வீங்கி, சிறுநீரில் புரதம் போய், இதே மகளைக் குறைமாதத்தில் எடுத்தார்களே, மறந்துவிட்டாயா? குழந்தை பிறந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று அன்று நாமும் நம்பினோம். அப்படி வந்தவர்களுக்குப் பின்னால் இதயநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. கேஸ் ஷீட்டில் அதை நாங்களே கேட்பதில்லை, வெட்கமாக இருக்கிறது. கர்ப்பத்தில் அந்த பிரஷர் அம்மாவுக்கு வந்திருந்தால் மகளுக்கும் வரலாம். ஒவ்வொரு செக்கப்பிலும் அவள் பிரஷரை நீயே கேட்டுப் பார்.

எனக்கு முட்டிவலி, நைட் டூட்டியை விட்டுவிட்டேன். மற்றபடி நலம்.

பிரசவம் முடியட்டும் என்று பதில் போடாதேடி. திங்கட்கிழமை ஈசிஜியும் எக்கோவும் எடு. ரிப்போர்ட்டைப் போட்டோ பிடித்து அன்றைக்கே அனுப்பு. வரவில்லை என்றால் செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிவிடுவேன்.

உன்,
நெட்டச்சி