அந்தச் சத்தம் எப்போ வருதுன்னு முதல்ல பாரு, தாயி

உசிலம்பட்டி
ஞாயிற்றுக்கிழமை ராத்திரி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுறது. இங்க எல்லாரும் சுகம்.

உன் சைக்கிள்ல மாட்டின மோட்டார் கிட் போடுற சத்தத்தைப் போன்ல அனுப்பியிருந்தியே, அதைக் கடை ஷட்டரை இறக்கிவிட்டு நாலு தடவை கேட்டேன். "கிளட்ச் போச்சுப்பா, புதுசு மாத்திடப் போறேன்"னு எழுதியிருக்க. மாத்தாத தாயி. நீ இன்னும் எஞ்சின் மூடியைக்கூடத் திறக்கலையே. போன்ல கேக்குற கடகடப்பை வச்சு நானும் இதுதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். அது எப்போ வருது, எப்போ நிக்குதுன்னு பாரு. அதுலயே பாதி வேலை முடிஞ்சிரும்.

முதல்ல எஞ்சினை நிப்பாட்டிட்டு, கிளட்ச்சைப் பிடிச்சுக்கிட்டே சைக்கிளைத் தள்ளு. அப்பவும் கடகடன்னா, இடப்பக்கம் ஓடுற மோட்டார் செயினைப் பாரு. தொய்ஞ்சுபோய் அடிக்கும், இல்ல அதை இழுத்துப் பிடிக்கிற குட்டிச் சக்கரம் சாய்ஞ்சிருக்கும். இதைப் பார்க்காமலே எஞ்சினைக் கழட்டிட்டு வந்து நின்னவங்க நம்ம கடைக்கு நிறைய.

தள்ளும்போது சத்தம் இல்லேன்னா, பின்சக்கரம் தரையில படாம நிறுத்தி ஸ்டார்ட் பண்ணு. கிளட்ச்சைப் பிடிச்சு, சக்கரம் நின்ன பிறகு மட்டும் சத்தம் வந்தா, முதல்ல பெரிய கியரைச் சந்தேகப்படு. அந்த நேரம் செயினைச் சுத்துற நடுத்தண்டு நின்னுருக்கும், 82 பல்லு உள்ள பெரிய கியர் மட்டும் தனியாச் சுத்தும். அதுல குழிக்குள்ள சொருகியிருக்கிற, கிளட்ச்சுக்குப் பிடிப்புக் கொடுக்குற லைனிங் துண்டு தேஞ்சு லூசாயிருந்தா ஆடும். இல்ல, அந்தக் கியரோட பேரிங் காய்ஞ்சிருக்கும். கிளட்ச்சைப் பிடிச்சுக்கிட்டு உருண்டு போறப்போ மட்டும் கீச்சுன்னா, அது இடப்பக்கம். கேபிள் இழுக்கிற கை ஒரு தண்டைத் தள்ளுதுல்ல, அதுக்குப் பக்கத்துல ஒரு இரும்புக் குண்டு இருக்கும். அங்க எண்ணெய்ப்பசை இருக்காது.

பிடிச்சாலும் விட்டாலும் சத்தம் ஒரே மாதிரி வந்தா, 20 பல்லு உள்ள சின்னக் கியரும் பெரிய கியரும் சேர்ற இடத்தைப் பாரு. சின்னக் கியரோட நட்டு தளர்ந்திருந்தா அன்னைக்கே ஓட்டுறதை நிறுத்து. உள்ள கியரையும் தண்டையும் பூட்டுற கீங்கிற குட்டி இரும்புத்துண்டு நசுங்கிச்சுன்னா தண்டும் சேர்ந்து போயிரும். ஆனா ஐடிலிங்ல மட்டும் கடகடன்னு, ஆக்சிலேட்டர் கொடுத்ததும் அடங்கினா கவலைப்படாத. நேர்ப்பல்லு கியர், டூ ஸ்ட்ரோக் எஞ்சின் மெதுவா ஓடும்போது பல்லோட பல்லு தட்டத்தான் செய்யும்.

எங்கேன்னு தெரியலேன்னா நீளமான ஸ்குரூடிரைவரை எடு. முனையை மூடி மேல வச்சு, கைப்பிடியைக் காதுக்குப் பின்னாடி எலும்புல அழுத்து. செயின் பக்கம் போகாம, தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கோ. ஒவ்வொரு இடமா நகர்த்தினா, ஒரு இடத்துல மண்டைக்குள்ளயே அடிக்கிற மாதிரி கேக்கும். 1980-ல டிவிஎஸ் 50 வந்த பிறகு மொபெட் வேலை பழகினப்போ இப்படித்தான் நான் காதைப் பழக்கினேன். அதுல கைக் கிளட்ச்சே கிடையாது. காதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

கிரீஸ் விஷயத்துல மட்டும் அப்பா சொல்றதை அப்படியே கேளு. ஒரு பால்காரர் உன்னோட மாதிரியே கிட் மாட்டின சைக்கிளைக் கொண்டாந்தார். சத்தம் அடங்கட்டும்னு அவசரத்துல ஒரு கை கிரீஸை அள்ளி உள்ள அப்பிட்டேன். சத்தம் அடங்கிச்சு. மூணாம் நாள் ஆண்டிபட்டி கணவாய் ஏத்தத்துல எஞ்சின் மட்டும் கத்துது, சைக்கிள் நகரல. சூட்டுல உருகின கிரீஸைக் கியர் வீசியடிச்சு லைனிங் முழுக்க நனைஞ்சுபோச்சு. ரெண்டு கேனோட வெயில்ல தள்ளிக்கிட்டே வந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டல. கேனைத் திறந்து காட்டினார், அவ்வளவுதான். திரிஞ்ச அந்தப் பாலோட வாடை இப்பவும் எனக்கு ஞாபகம் இருக்கு. பால் காசைக் கொடுத்துட்டு, லைனிங்கைப் பெட்ரோல்ல கழுவி, காயவச்சு, உப்புத்தாள்ல தேய்ச்சு மாட்டினேன்.

அதனால பல்லு சேர்ற இடத்துல கடலைப்பருப்பு அளவு போதும், சூடு தாங்குற கிரீஸா வை. இரும்புக் குண்டுக்கு ஒரு பொட்டு. கேபிள்ல ஒரு நெல்லுமணி அளவாவது தளர்வு விடு. இறுக்கமா வச்சா கிளட்ச் எந்நேரமும் அரைகுறையாப் பிடிச்சுத் தேயும். கிளட்ச் இறுக்கத்தைச் சரிபண்ற, பூ மாதிரி வெட்டின நட்டை ஒவ்வொரு வெட்டா மட்டும் திருப்பு. அதுக்குள்ள ஒரு சின்னப் பூட்டுத் திருகாணி இருக்கு. அதை மறக்காமத் திருப்பி மாட்டு, கழண்டு கியருக்குள்ள விழுந்தா பல்லு தெறிச்சிரும். கியர் வரலேன்னா சுத்தியலைத் தொடாத, கியரை இழுத்துக் கழட்டுற புல்லரைப் போட்டுத்தான் எடுக்கணும்.

இன்னொண்ணு. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி எஞ்சின் அளவு 25 சிசிக்கு மேல போனா அது மோட்டார் வண்டிக் கணக்கு. உன்னோடது அதுக்கு மேல. அதை வச்சுக்கிட்டு அவிநாசி ரோட்டுல இறங்காத. காலேஜுக்குள்ள ஓட்டுறதுக்கும் பிரேக் கட்டையை மாத்திடு. மிதிச்சுப் போற வேகத்துக்குப் போட்ட பிரேக்கு அது. எனக்குக் கிளட்ச்சைவிட அதுதான் பயமா இருக்கு.

புல்லரும் லைனிங் ஒரு செட்டும் நாளைக்குக் கோயம்புத்தூர் பஸ்ல போட்டுவிடுறேன். மூடியைத் திறக்குறதுக்கு முன்னாடி கூப்பிடு. கடை திறக்க ஒன்பது ஆகும், அதுக்கு முன்ன எந்நேரம்னாலும் சரி.

அப்பா